பல்லுக்கு எழுதிய மாத்திரையும் சிறுநீர்ப்பையின் கிருமியும்

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் 1954-ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் உருவாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் துணைநின்றன. மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. இறக்குமதியை நம்பியிருந்த நாட்டில் அம்மருந்து எளியோருக்கும் எட்ட வேண்டும் என்பது அன்றைய கவலை. இன்று அதே நகரில் ஆண்டிபயாட்டிக் எல்லாத் தெருக்களிலும் கிடைக்கிறது. அதற்குக் கட்டுப்படாத கிருமிகளே புதிய கவலை. இக்கவலையில் பல் மருத்துவமனைக்கும் பங்குண்டு என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

பல் மருத்துவரின் தொழில்சார் நோய்கள் என்றதும் கழுத்துவலி, முதுகுவலி, ஊசிக்குத்துக் காயம், கருவிகளின் இரைச்சல், வாயிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் ஆகியவை நினைவுக்கு வரும். சிறுநீரை அடக்குதல் அப்பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகிறது. வேர்ச் சிகிச்சையின் நடுவே மருத்துவர் எழ இயலாது. முகக்கவசமும் கையுறையும் அணிந்தபின் தண்ணீர் குடிப்பதும் தள்ளிப்போகும். அடுத்த நோயாளி வெளியே காத்திருப்பார். சிறுநீர்த்தாரை குறுகியதாக உள்ள பெண்களுக்கு இதனால் விளையும் இடர் கூடுதல். சிறுநீர்ப்பைத் தொற்று அடிக்கடி வந்த, குறைவாகவே தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 1.5 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை வந்தது. ஒரு குவளைத் தண்ணீரும் ஐந்து நிமிட இடைவேளையும் மருத்துவப் பயனுடையவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொற்று வந்தபின் மருத்துவருக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. மருந்தின் பெயர் அவருக்குத் தெரியும். மாத்திரையும் கைக்கெட்டும் தொலைவில் உண்டு. சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருப்பதைக் காட்டிலும் தமக்குத் தாமே மருந்து எழுதிக்கொள்வது எளிது. அம்மருந்து பலிக்குமா என்பதுதான் கேள்வி.

பல்லுக்கு எழுதிய மாத்திரை பல்லோடு நிற்பதில்லை. குடலிலுள்ள ஈ.கோலை பாக்டீரியாக்களுள் மருந்துக்குப் பணிபவை அழிகின்றன. பணியாதவை எஞ்சிப் பெருகுகின்றன. சிறுநீர்த் தொற்றுகளுள் பெரும்பாலானவற்றை உண்டாக்குவது குடலிலிருந்து வரும் இந்த ஈ.கோலையே. ஆண்டிபயாட்டிக் உட்கொண்டவரிடம் எதிர்ப்புடைய கிருமிகள் ஓராண்டு வரைகூட நீடிக்கலாம் என்று 2010-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. பல்வலிக்கு இந்தியாவில் எழுதப்படும் கூட்டு மாத்திரைகளுள் ஒன்று ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. ஓஃப்ளாக்சசின், சிறுநீர்த் தொற்றுக்கு நெடுங்காலம் கைகொடுத்த ஃப்ளுரோகுயினலோன் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மருத்துவமனைகளில் கண்டறியப்படும் ஈ.கோலையில் பெரும்பகுதி கட்டுப்படுவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து பதிவு செய்கின்றன. இதற்குப் பல் மருத்துவமே காரணம் எனல் மிகை. பொது மருத்துவம், கால்நடை வளர்ப்பு, கழிவுநீர் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எனினும் தவிர்க்கக்கூடிய பங்கு எதுவோ அதிலிருந்தே திருத்தம் தொடங்க வேண்டும்.

பல் மருத்துவத்தின் பங்கு பெரிதும் தவிர்க்கக்கூடியதே. பற்கூழ் அழற்சியால் வரும் வலிக்குப் பெரும்பாலும் ஆண்டிபயாட்டிக் தேவையில்லை. பல்லைத் திறந்து சிகிச்சை அளிப்பதே தீர்வு என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வழிகாட்டியது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் நிலைமை வேறு. பல்லைத் திறக்க நேரம் வேண்டும். மாத்திரை எழுத ஒரு நிமிடம் போதும். மருத்துவரைச் சிறுநீர் அடக்க வைக்கும் அதே நேர நெருக்கடிதான் அவரை மாத்திரை எழுதவும் தூண்டுகிறது.

மொழியும் இங்கே இடறுகிறது. ‘நோய் எதிர்ப்புத் திறன்’ உடலுக்கு உரியது, விரும்பத்தக்கது. ‘மருந்து எதிர்ப்புத் திறன்’ கிருமிக்கு உரியது, அஞ்சத்தக்கது. இரண்டும் ஒரே சொல்லால் முடிவதால், உடல்தான் மருந்துக்குப் பழகிவிட்டது என்று கேட்பவர் எண்ணக்கூடும். பிழை தமிழுக்கு மட்டும் உரியதன்று: உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 12 நாடுகளின் கணக்கெடுப்பில் 76 விழுக்காட்டினர் அவ்வாறே நம்பினர். எதிர்ப்பு என் உடலுக்குள் முடிந்துவிடும் என்று நம்புபவர், தாம் விழுங்கும் மாத்திரை வீட்டிலுள்ள மற்றவரையும் பாதிக்கும் என ஏன் எண்ணப்போகிறார்? ‘மருந்துக்குப் பணியாத கிருமி’ என்று கிருமியை எழுவாயாக்கிச் சொல்வது எளிது, அதுவே சரியும்கூட.

இரு நோயாளிகளுக்கு இடையே பத்து நிமிட இடைவெளி விடுவதை மருத்துவமனையின் ஒழுங்காகப் பல் மருத்துவக் கல்லூரிகள் கற்பிக்கலாம். அது ஆடம்பரமாகாது. புனேயில் அத்தகைய கல்லூரிகள் பல உண்டு. புறநோயாளிப் பிரிவுகளில் மருந்துச் சீட்டுகளும் குவிகின்றன. ஒரு பருவத்தில் எத்தனை பல்வலிக்கு மாத்திரை மட்டும் எழுதப்பட்டது, எத்தனை பல் திறக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு அதுவே போதுமான பொருள்.