கோழி விலை தினமும் தெரியுது. கோழிக் கணக்கு யாருக்குத் தெரியும்?

1/ பிராய்லர் கோழி பத்தி ஒரு நீண்ட இழை. "டாக்டர், ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறாங்களாமே, சாப்பிடலாமா?" ஓ.பி.யில வாரத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறாங்க. பதில் சொல்றேன். ஆனா நாம கேட்க வேண்டிய கேள்வி வேற. அதுக்குத்தான் இந்த இழை.

2/ முதல்ல ஹார்மோன். வையம்பட்டி, மணப்பாறை பக்கம் தோட்டத்துக்குள்ள இருக்கிற ஒரு கோழி ஷெட்டைப் போய்ப் பாருங்க. ஐயாயிரம் குஞ்சு, வேலைக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். ஒவ்வொண்ணையும் பிடிச்சு தினமும் ஊசி போட முடியுமா? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்துல கலந்தா வயித்துலயே செரிச்சுப் போயிடும்.

3/ அப்புறம் எப்படி 40 நாள்ல 2 கிலோ? இனத்தேர்வும் தீவனமும். கனடாவுல அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துல 1957, 1978, 2005 காலத்து இனங்களை ஒரே மாதிரி தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தாங்க. 56ஆம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். ஊசி எதுவும் இல்ல.

4/ ஆக, ஹார்மோன் கதை புரளி. இந்தப் புரளியால யாருக்கு லாபம் தெரியுமா? உண்மையான கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பாதவங்களுக்கு. அந்தக் கேள்வி: இந்த வாரம் எத்தனை குஞ்சு பண்ணைக்குப் போச்சு? அதுங்களுக்கு என்னென்ன ஆன்டிபயாடிக் எவ்வளவு போச்சு?

5/ இது எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். தாய்க்கோழிப் பண்ணையில இருந்து முட்டை ஹேட்சரிக்கு வரும். 18 நாள் ஒரு மெஷின், 3 நாள் இன்னொரு மெஷின். 21ஆம் நாள் குஞ்சு பொரியும். எண்ணி, தடுப்பூசி போட்டு, பெட்டியில அடுக்கி, உடனே பண்ணைக்கு ஏத்திடுவாங்க.

6/ நம்ம பக்கம் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஷெட், கரண்ட், தண்ணி, உழைப்பு விவசாயியோடது. எத்தனை குஞ்சு இறங்குச்சு, இன்னிக்கு எத்தனை செத்துச்சு, எத்தனை மூட்டை தீவனம், என்ன மருந்து... தினமும் எழுதி வைக்கணும். சூப்பர்வைசர் வந்து பார்ப்பார்.

7/ இதைக் கவனிங்க. கணக்கு ஏற்கெனவே இருக்கு. கடைசி குஞ்சு வரைக்கும் இருக்கு. ஆனா அது கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கு. பல்லடத்துல அறிவிக்கிற கறிக்கோழி கொள்முதல் விலை தினமும் பேப்பர்ல வருது. குஞ்சு கணக்கு மட்டும் ஏன் வர்றதில்ல?

8/ "இதெல்லாம் யாராலங்க எடுக்க முடியும்?" அமெரிக்காவுல வேளாண்துறை வாராவாரம் வெளியிடுது. எத்தனை முட்டை மெஷின்ல வச்சாங்க, எத்தனை குஞ்சு பண்ணைக்குப் போச்சு, மாநிலம் வாரியா. வாரத்துக்கு சுமார் 24 கோடி முட்டை, 19 கோடி குஞ்சு. யார் வேணும்னாலும் இலவசமா பார்க்கலாம். அதுவும் தனியார் கம்பெனிகளோட கோழிதான்.

9/ நம்ம ஊர்ல? கால்நடைக் கணக்கெடுப்பு. 2012-க்கு அப்புறம் 2019. அதுல தமிழ்நாடுதான் நாட்டுலயே முதலிடம், 12 கோடி கோழியினங்கள். பெருமைதான். ஆனா அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எண்ணணும்னு வச்ச கணக்கு இது. பிராய்லரோட ஆயுசோ 40 நாள். வருஷத்துக்கு 6 பேட்ச்னு பார்த்தாலும், அடுத்த எண்ணிக்கை வர்றதுக்குள்ள 30 பேட்ச் வந்து போயிடும்.

10/ வருஷா வருஷம் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி எத்தனை டன் இறைச்சின்னு சொல்றாங்க. சரி. ஆனா எந்த மாவட்டத்துல, எந்த வாரம், எத்தனை உயிர்க்கோழி இருந்துச்சுன்னு அதுல தெரியாது. பறவைக் காய்ச்சல் வந்தா முதல்ல தேவைப்படுறதே இந்த எண்தான்.

11/ "டாக்டருக்கு ஏன் இந்த வேலை?" சொல்றேன். ஒரு நோயாளிக்கு 500 மில்லிகிராம் கொடுத்தேன்னு சொன்னா, அது அதிகமா குறைச்சலான்னு எப்படிச் சொல்வீங்க? எடை தெரியணும். குழந்தையா, 80 கிலோ ஆளா? கோழிக்கும் அதேதான். எத்தனை குஞ்சு இறங்குச்சுன்னு தெரியாம, எத்தனை டன் ஆன்டிபயாடிக் வித்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

12/ ஆஸ்பத்திரியில நாங்க பார்க்கிறது இது. சாதாரண சிறுநீர்த் தொற்றோட ஒரு அம்மா வருவாங்க. யூரின் கல்ச்சர் அனுப்பினா ஈ.கோலை. ரிப்போர்ட்ல வரிசையா ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட். மாத்திரையில முடிய வேண்டியது, அட்மிஷன், ஊசின்னு போகும். அவங்களுக்கு ஒரு வாரக் கூலி போச்சு.

13/ "அதுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?" கனடாவுல, கியூபெக் மாகாணத்துல நடந்ததைச் சொல்றேன். ஹேட்சரியில முட்டைக்குள்ளயே செஃப்டியோஃபர்னு ஒரு ஆன்டிபயாடிக் போட்டாங்க. குஞ்சுக்கு தொப்புள் தொற்று வராம இருக்க. இது, நாங்க வார்டுல தினமும் போடுற செஃப்ட்ரியாக்சோனுக்கு பங்காளி.

14/ சால்மோனெல்லா கிருமியில இதுக்கு எதிர்ப்பு ஏறுதுன்னு அரசு கண்காணிப்புல தெரிஞ்சது. 2005-ல ஹேட்சரிகளே முன்வந்து நிறுத்தினாங்க. ஹைடல்பெர்க் வகை சால்மோனெல்லாவுல எதிர்ப்பு, கடைக் கோழியில 62 சதவீதத்துல இருந்து 7-க்கு இறங்குச்சு. மனுஷ நோயாளிகள்ல 36-ல இருந்து 8-க்கு. ரெண்டே வருஷத்துல.

15/ 2007-ல சில இடங்கள்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. எதிர்ப்பும் திரும்ப ஏறுச்சு. கடைசியில 2014-ல கனடா கோழித் தொழிலே இந்த வகை மருந்துகளை முன்தடுப்புக்குப் பயன்படுத்துறதை நிறுத்துச்சு. முட்டையில போட்ட மருந்து, மனுஷ நோயாளிகள் வரைக்கும் வந்து சேர்ந்ததை அவங்களால பார்க்க முடிஞ்சது. காரணம் ஒண்ணே ஒண்ணு, கணக்கு வச்சிருந்தாங்க.

16/ நம்ம அரசும் சும்மா இல்ல. 2019 ஜூலையில கோலிஸ்டினை கோழி உட்பட உணவுக்கான விலங்குகளுக்குத் தடை பண்ணாங்க. ஐ.சி.யு.வில எங்களுக்குக் கடைசி ஆயுதம் அது. சரியான தடை. ஆனா தடை போட்டது வேலை செய்யுதான்னு எதை வச்சுப் பார்க்கிறது? பண்ணைவாரியா மருந்துக் கணக்கு பொதுவெளியில இல்லையே!

17/ "இறைச்சியில மருந்து எச்சம் இல்லைன்னு டெஸ்ட் பண்றாங்களே?" நல்லது, பண்ணணும். ஆனா வெட்டுறதுக்குச் சில நாள் முன்னாடி மருந்தை நிறுத்திட்டா எச்சம் இருக்காது. அந்த மருந்தைத் தாக்குப் பிடிச்ச கிருமி இருக்கும். கழிவுல, எருவுல, தண்ணியில, வெட்டுற பலகையில. எச்சம் வேற, எதிர்ப்பு வேற.

18/ "கோழிக்கு நோய் வந்தா மருந்து கொடுக்கக் கூடாதா?" தாராளமா கொடுங்க. கால்நடை மருத்துவர் பார்த்து, எழுதிக் கொடுத்து, பதிவு பண்ணிக் கொடுங்க. டென்மார்க்ல 2000-லிருந்து ஒவ்வொரு பண்ணைக்கும் போற மருந்து அரசுப் பதிவுல ஏறுது. அங்க கால்நடைத் தொழில் அழிஞ்சா போச்சு?

19/ "மனுஷங்களுக்கு மட்டும் ஒழுங்கா கொடுக்கிறீங்களா?" நியாயமான கேள்வி. சளிக்கு அசித்ரோமைசின், சீட்டு இல்லாம மெடிக்கல் ஷாப்ல ஆன்டிபயாடிக்... இதுவும் பெரிய குற்றம்தான். ரெண்டையும் நிறுத்தணும். ஒரு ஓட்டையைக் காட்டி இன்னொரு ஓட்டையை மறைக்காதீங்க.

20/ "இது வியாபார ரகசியம்." எந்தக் கம்பெனி எவ்வளவுன்னு யாரும் கேட்கல. மாவட்ட மொத்தம் போதும். இதுல அதிக லாபம் ஷெட் போட்டுக் கடன் கட்டுற விவசாயிக்கு. முட்டை வச்ச கணக்கு தெரிஞ்சா, ஒன்பது வாரம் கழிச்சு எவ்வளவு கோழி சந்தைக்கு வரும்னு அவருக்கும் தெரியும். வளர்ப்புக்கூலி பேசும்போது வெறுங்கையோட உட்கார வேண்டாம்.

21/ ஆக, கேட்கிறது மூணே மூணு.
• ஹேட்சரிகள்ல வச்ச முட்டை, பண்ணைக்குப் போன குஞ்சு: மாவட்டவாரியா, வாராவாரம்.
• ஹேட்சரி, தீவன ஆலை, பண்ணை மூணுலயும் போன ஆன்டிபயாடிக்: மருந்துவாரியா.
• அதே மாவட்டத்து அரசு மருத்துவமனை கல்ச்சர் முடிவுகள், இதுக்குப் பக்கத்துலயே.

22/ கடைசியா, ஆரம்பத்துல கேட்ட கேள்விக்குப் பதில். சாப்பிடலாம். ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகிற நல்ல புரதம் அது. நல்லா வேக வைங்க. பச்சைக் கறி வெட்டின கத்தி, பலகையில அப்படியே வெங்காயம் வெட்டாதீங்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

23/ அடுத்த தடவை யாராவது ஹார்மோன் ஊசி வீடியோ ஃபார்வர்ட் பண்ணா, இந்த இழையை அனுப்புங்க. உங்க எம்.எல்.ஏ. ஓட்டு கேட்டு வந்தா, "நம்ம மாவட்டத்துல இந்த வாரம் எத்தனை குஞ்சு இறங்குச்சு, என்ன மருந்து போச்சு?"ன்னு கேளுங்க. பதில் இருக்கு. அதை வெளிய கொண்டு வரச் சொல்லுங்க.