திருப்பூருக்கு ஒரு கடைசல் கழகம்

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கைத் தானே தாங்கி நிற்கும் திருப்பூரில், விடியற்காலை முதல் இரவு வரை யந்திரங்களோடு பழகிய லட்சக்கணக்கான கைகள் இருந்தும், அக்கைகள் கூலியை எண்ணாமல், தம் விருப்பம் ஒன்றையே கருதி, ஒரு பொருளை முதலிலிருந்து முடிவு வரை செய்து பார்ப்பதற்கு ஓர் இடம் இல்லாதிருப்பது இவ்வூரின் பெரிய குறைகளுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம். சாலை, குடிநீர், சாக்கடை என்று முறையிட வேண்டியவை வரிசையாக நிற்க, இதென்ன புதுக்குறை என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் நகைக்கட்டும், மரக்கடைசல் என்னும் பழைய கைத்தொழிலை, ஜீவனோபாயமாக அன்றிப் பொழுதுபோக்காகக் கூடிக் கற்றுக்கொள்ளும் ஒரு கழகம் இவ்வூருக்கு அவசியம் என்பதை இங்கே சொல்லத் துணிகிறேன்.

பனியன் கம்பெனி ஒன்றினுள் சென்று பார்த்தவர்களுக்கு அங்கே நடைபெறும் வேலைப் பிரிவினையின் நுட்பம் தெரிந்திருக்கும். நிட்டிங்கில் பின்னப்பட்டு, சாயப்பட்டறையில் நிறமேறி, காம்பாக்டிங் முடிந்து வந்த துணியைக் கட்டிங் மாஸ்டர் அடுக்கி வெட்ட, ஓவர்லாக் தைப்பவர் தோளையும் பக்கத்தையும் மூட்ட, பேட்லாக் தைப்பவர் கீழ்மடிப்பை அடிக்க, கைமடிக்கும் உதவியாளர் துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்க, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறிப் பெட்டிக்குள் அடங்கிக் கப்பலேறும் ஒரு சட்டையைக் காட்டி, ‘இது நான் செய்தது’ என்று சொல்லும் உரிமை அவர்களுள் ஒருவருக்கும் தனியே இல்லை. இதை நான் குற்றமாகக் கூறவில்லை. இந்தப் பிரிவினை இல்லையேல் இத்தனை சட்டைகளும் இல்லை. இத்தனை குடும்பங்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளமும் இல்லை. ஆனால் இருபது வருஷம் தோள் மூட்டிய ஒருவர், அசாத்தியமான கைத்தேர்ச்சி பெற்றிருந்தும், முழுமையான ஒரு பொருளை உண்டாக்கும் திருப்தியை ஒருநாளும் அறியாமலே வேலையிலிருந்து ஓய்ந்துவிடுகிறார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

மரக்கடைசல் இதற்கு நேர்மாறான தொழில். ஒரு வேப்பங்கட்டையின் இரு முனையிலும் மையம் குறித்து, அதைக் கடைசல் யந்திரத்தில் பூட்டி, உளியைத் தாங்கும் இரும்பை உரிய உயரத்தில் நிறுத்தி, விசையைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே வேலை தொடங்குகிறது. சதுரக் கட்டையின் மூலைகள் உளியில் மோதும்போது முதலில் தடதடவென்று ஓசை எழும். மூலைகள் தேயத் தேய அவ்வோசை தணிந்து, கட்டை உருளையான கணத்தில் ஒரே சீரான இரைச்சலாக மாறும். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன்னே காது அறிந்துவிடும். புதிதாகக் கற்பவர் உளியின் கூரை நேரே மரத்தில் கொண்டுபோய் வைப்பார். சுழலும் மரம் உளியைக் கவ்வி உதறிவிடும், நன்றாக வந்துகொண்டிருந்த வேலையில் ஆழமான ஒரு பள்ளமும் விழுந்துவிடும். தேர்ந்தவரோ உளியின் சாய்வான அடிப்பக்கத்தை முதலில் மரத்தின் மேல் உராயவிட்டு, பிடியை மெல்ல மெல்ல உயர்த்துவார்; கூர் மரத்தைத் தீண்டியதும் சீவல் சுருள் சுருளாக எழுந்து தோளுக்குமேல் பறக்கும். இந்த ‘மெல்ல மெல்ல’ எவ்வளவு என்பதை எந்தப் புத்தகமும் அளந்து சொல்ல இயலாது. பக்கத்தில் நிற்கும் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும்.

திருப்பூர்வாசி ஒருவர் இத்தொழிலுக்கு வந்தால் முதலில் மறக்க வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. பனியன் வேஸ்ட் என்று மூட்டை மூட்டையாக இவ்வூரிலிருந்து வெளியூர்களுக்குப் போகும் கழிவுத் துணியை எடுத்து எண்ணெயையும் அழுக்கையும் துடைப்பது பட்டறைக்காரர்களின் அன்றாடப் பழக்கம். கடைசலில் அது ஆகாது. சுழலும் மரத்துக்கு மெருகெண்ணெய் பூசும்போது துணியை விரலில் சுற்றிக்கொண்டால், அதன் ஓரம் சிறிது சிக்கினாலும் துணியோடு விரலையும் மரம் இழுத்துக்கொள்ளும். ஆகையால், இழுத்தவுடன் கிழிந்துவிடும் காகிதத்தைக் கொண்டே பூச வேண்டும். தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கையுறை ஆகிய யாவும் விலக்கு. முகத்துக்கு மறைப்பும் மூக்குக்குக் கவசமும் கட்டாயம். பஞ்சுத் தூசி நுரையீரலுக்குச் செய்யும் தீங்கை அறிந்த ஊருக்கு மரத்தூளின் தீங்கை விரித்துரைக்கத் தேவையில்லை. இத்தகைய எச்சரிக்கைகளைச் சொல்லவும், சொன்னதை மறக்கும்போது கையைத் தட்டி நிறுத்தவும், ஒரு கூட்டம் வேண்டும். கைபேசியில் காணொளி பார்த்துத் தனியே கற்கத் துணிபவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. நான் கழகம் என்று வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

மேல்நாடுகளில் இத்தொழில் பிழைப்பு என்ற நிலையிலிருந்து பெரும்பாலும் விலகிய பின்னும் அழியாது நிற்பதற்கு இத்தகைய கழகங்களே காரணம். லண்டன் நகரத்துக் கடைசற்காரர்களின் சங்கம் 1604ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றது. அது தொழிலாளரின் சங்கம். ஆனால் 1986இல் அமெரிக்காவிலும் 1987இல் பிரிட்டனிலும் தோன்றிய சங்கங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வைத்தியரும் எழுத்தரும் தொழிற்கலைஞரோடு சரிசமமாக அமர்கின்றனர். அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் ஊர்தோறும் முந்நூறுக்கு மேற்பட்ட கிளைகள் உள்ளன. அவற்றின் நடைமுறை மிக எளியது: மாதம் ஒருமுறை கூடுவது, தேர்ந்த ஒருவர் செய்து காட்டுவது, மற்றவர்கள் தாம் கடைந்தவற்றை மேசைமேல் வைத்து நிறைகுறைகளைக் கேட்டுக்கொள்வது, விலை மிகுந்த யந்திரங்களைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவது. இவ்வளவுதான். இதில் நம்மால் ஆகாதது எதுவும் இல்லை.

நம் நாட்டுக்கு இது அந்நியமான கலையும் அன்று. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தில் கடைந்த சொப்புச் சாமான்களை வைத்துச் சோறு சமைத்து விளையாடாத தென்பாண்டிச் சிறுமியர் ஒரு காலத்தில் அரியர். பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் சாலையில் உள்ள சன்னபட்டணத்திலும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும், வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி நிறமாகப் படிகிறது. சன்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். ஏட்டிகொப்பாகாவில் வித்துகளிலிருந்தும் வேர்களிலிருந்தும் எடுத்த சாயங்களை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்த சி. வி. ராஜுவுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது; சாயக்கழிவு நொய்யலில் கலந்த வழக்கில், 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட நம் திருப்பூர் அச்செய்தியைச் சற்று நின்று கேட்கலாம். நம் கொங்குநாட்டிலும் கட்டிற்கால், தொட்டிற்கட்டை, தயிர் கடையும் மத்து, பம்பரம், வண்டிச்சக்கரத்தின் குடம் என்று கடைசல் நுழையாத வீடும் தோட்டமும் இருந்ததில்லை. இன்று அந்தத் திறமை இரும்பை நோக்கிப் பெயர்ந்து, கோயமுத்தூர் முதல் ஊத்துக்குளி வரை லேத்துப் பட்டறைகளாக நிற்கிறது. மரம் மட்டும் கைவிடப்பட்டுவிட்டது.

திருப்பூரின் பூர்வசரித்திரமும் இக்கோரிக்கைக்குத் துணை நிற்கிறது. 1925இல் காந்தியடிகள் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுப் பணிகளுக்குக் கேந்திரமாக விளங்கியது இவ்வூர். ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு கையும் ஏதேனும் ஒன்றை உண்டாக்க வேண்டும் என்ற உபதேசம் இங்கே வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. நூலாகவும் துணியாகவும் கண்முன் குவிந்தது. இவ்வூரில் 1903இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபோது, கைத்தொழிலை நடுவாக வைத்துப் பாடம் கற்பிக்கும் ஆதாரக் கல்விக்குப் பெரிதும் ஊக்கமளித்தார். அக்கல்வி நிலைக்காமற்போனதற்குப் பல காரணங்கள் உண்டு. கைவேலை என்பது ஏழைப் பிள்ளைகளுக்கு உரியது, எழுத்துவேலையே மேன்மையானது என்று நாம் எல்லோரும் உள்ளூர எண்ணியதே அவற்றுள் பிரதானமானது. கைவேலையைப் பிள்ளைகள்மேல் சுமத்தாமல், பெரியவர்கள் தாமே விரும்பி ஏற்றிருந்தால் அந்த இழிவெண்ணம் தேய்ந்திருக்கும். முதலாளியும் தையற்காரரும் ஒரே கூடத்தில் ஒரே ஆசாரியிடம் உளி பிடிக்கக் கற்பது அதற்கு இப்போதும் நல்ல மருந்து.

எதிர்வாதங்கள் இரண்டு வரும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவருக்குப் பொழுது ஏது, போக்குவதற்கு என்பது முதலாவது. இதன் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன்; வாரத்தில் ஒரு நாளேனும் முழுதாகத் தன்னுடையதாக இல்லாத மனிதனிடம் கலையைப் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் இது கழகத்துக்கு எதிரான வாதமாகாது. எட்டு மணி நேர வேலைக்கே குடும்பம் நடத்தப் போதுமான கூலி வேண்டும் என்பதற்கு ஆதரவான வாதமே ஆகும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது ஆர்டர் குறைந்து பலருக்கு நேரம் மிகுந்தது. அது ஓய்வன்று, கவலை. கூலியோடு கூடிய ஓய்வே ஓய்வு. கடைசற்கூடத்தைக் கோருகிற நாம் அந்த ஓய்வையும் சேர்த்தே கோர வேண்டும்.

இரண்டாவது வாதம், ‘இதில் என்ன வருமானம்?’ என்பது. இந்த ஊரில் எந்தப் புதுமுயற்சியும் இக்கேள்வியைத் தாண்டாமல் உள்ளே நுழைய முடியாது. வருமானம் இல்லை என்பதே என் பதில், இருக்கவும் கூடாது. பீஸ் ரேட்டில் கணக்கிடப்படாத ஒரு மணி நேரம் மனிதனுக்கு வேண்டும். ஆயினும் பொழுதுபோக்கு பொதுநன்மையாக விளைவதற்குச் சாட்சி தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நஞ்சராயன் குளத்தில் ஆண்டுக்கணக்காகப் பறவைகளை நோக்கிக் குறித்துவைத்த ஆர்வலர்கள் ஊதியம் பெற்று அதைச் செய்யவில்லை. அக்குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் உயர்ந்ததற்கு அவர்களுடைய உழைப்பும் ஒரு காரணம். 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் லட்சக்கணக்கான மரங்களை நட்டதும் லாபம் கருதியன்று. மரத்தை நடத் தெரிந்த ஊருக்கு, விழுந்த மரத்தை மதிக்கவும் தெரிய வேண்டும் அல்லவா?

மரத்துக்கும் பஞ்சமில்லை. சாலையை அகலப்படுத்தும்போது வீழும் வேம்பும் வாகையும் பூவரசும் விறகாகப் போகின்றன. வேர்வாடல் நோயால் பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னைகள் வெட்டப்பட்டு வருகின்றன. வயது முதிர்ந்த தென்னையின் வெளிப்புறம் உளியை விரைவில் மழுக்கிவிடும் உறுதி உடையது. கடைந்து மெருகேற்றினால் கரும்புள்ளிகளும் கோடுகளும் ஓடிய கிண்ணமாக மேசையில் நிற்கும். ஈரமரத்தை முதலில் கனமாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, கோணியது கோணி முடிந்த பின் மறுபடி கடைந்து முடிப்பது என்ற முறை, அவசரத்தையே இயல்பாகக் கொண்ட ஷிப்மெண்ட் ஊருக்குப் பொறுமையைக் கற்பிக்கும் நல்ல பாடமும் ஆகும்.

செய்ய வேண்டியது இதுதான். மாநகராட்சி, பயன்படாது கிடக்கும் ஒரு கூடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட வேண்டும். தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து நாலைந்து கடைசல் யந்திரங்களையும் தூசி உறிஞ்சும் கருவியையும் வாங்கித் தர வேண்டும். வேலை குறைந்து வீட்டிலிருக்கும் மூத்த தச்சாசாரிகளை உரிய சன்மானம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். மரியாதை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் இங்கே கூடாது. பெண்களுக்கும், வடமாநிலங்களிலிருந்து வந்து இவ்வூரில் உழைப்பவர்களுக்கும், ஆணோடும் உள்ளூராரோடும் சமமான இடம் வேண்டும். செய்த பொருளை விற்பதில்லை என்பது முதல் சில வருஷங்களுக்காவது கழகத்தின் விதியாக இருக்கட்டும்.

அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டிய காரியம் அன்று இது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். அந்த ஏழு பேர் முன்வர வேண்டும்.