வலைக்கோலும் கல்லூரி வாசலும்



விளையாட்டில் வல்ல பிள்ளைக்குக் கல்லூரி வாசல் தானே திறந்துவிடும், படிப்புச் செலவும் குடும்பத்தைவிட்டு நீங்கிவிடும் என்று நம்புவோர் பலர். இந்நம்பிக்கை மிகவும் ஓங்கி நிற்கும் நாடு அமெரிக்கா. அங்கே லக்ராஸ் என்னும் ஆட்டத்தை ஆடும் உயர்பள்ளி மாணவரையும் அவர்தம் குடும்பங்களையும் பற்றி இம்மாதம் சிந்திப்போம். அந்நாட்டில் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் இப்பேச்சு எழக்கூடும்.

நீண்ட கோலின் முனையில் சிறு வலை கட்டி, அதில் பந்தை ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் இலக்கினுள் புகுத்துவதே லக்ராஸ். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் உலகுக்குத் தந்த ஆட்டம் இது. ஹியூரன் மக்களிடையே பணியாற்றிய சேசு சபைக் குருவாகிய புனித ழான் தெ பிரெபேஃப், நோயாளி நலம் பெறும்பொருட்டு ஊரார் கூடி இதனை ஆடுவதுண்டு என்று 1636-ஆம் ஆண்டில் எழுதினார். அன்று மருந்தாக ஆடப்பட்ட ஆட்டம், இன்று சில இல்லங்களில் உறக்கத்தைக் கெடுக்கும் கவலையாக மாறியிருக்கிறது. காரணம், ஆட்டத்தோடு பிணைக்கப்பட்ட உதவித்தொகை.

முதற்கண் அவ்வுதவித்தொகையின் உண்மை அளவை அறிதல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் பெரும்பாலும் என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கத்தின்கீழ் மூன்று பிரிவுகளாக நடைபெறுகின்றன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை. முதற்பிரிவிலேயே இருப்பினும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் முதலிய எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் வழங்குவதில்லை. குடும்ப வருவாயைக் கணக்கிட்டே அவை உதவுகின்றன. வழங்கும் கல்லூரிகளிலோ, நெடுங்காலம் முதற்பிரிவு ஆடவர் அணி ஒன்றுக்கு 12.6 முழு உதவித்தொகையும், மகளிர் அணிக்கு 12-மே உச்ச வரம்பாக இருந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்க்கு அதனைப் பங்கிட்டால், ஒருவர் கைக்கு எட்டுவது எவ்வளவு? பலருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி, சிலருக்கு ஒன்றுமேயில்லை.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இவ்வரம்பு நீங்கிற்று. அதற்கு மாறாக, ஆடவர் அணியில் 48 பேர், மகளிர் அணியில் 38 பேர் என்று ஆட்டக்காரர் தொகைக்கே வரம்பு வந்தது. ஆயின் வழங்கலாம் என்பது வேறு, வழங்குவார்கள் என்பது வேறு. எந்தக் கல்லூரியும் அத்தனை பேருக்கும் பணம் தரக் கடமைப்பட்டதன்று.

இரண்டாவதாக, காலத்தைக் குறித்துச் சில சொற்கள். ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் பயிலும் சிறுவரிடமே பயிற்சியாளர்கள் வாக்குப் பெற்றுவந்தனர். மீசை அரும்பாத பிள்ளை, தான் எதைக் கற்க விரும்புகிறான் என்று அறியுமுன்னரே கல்லூரிக்குச் சொந்தமானான். இக்கேட்டினைக் கண்டு பயிற்சியாளர் சங்கங்களே முன்னின்று வேண்ட, 2017-இல் விதி மாற்றப்பட்டது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ஆம் நாளுக்கு முன் முதற்பிரிவுப் பயிற்சியாளர் மாணவரோடு ஆட்சேர்ப்பைப் பற்றி உரையாடலாகாது. மாணவன் கடிதம் எழுதலாம், பதில் வாராது. இதனையறியாத பெற்றோர், பத்தாம் வகுப்பிலேயே தம் பிள்ளையை எவரும் மதிக்கவில்லையென்று மனம் நோவது வீண்.

வாய்மொழி வாக்கு இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்பதையும் மறத்தலாகாது. பல்லாண்டு வழக்கிலிருந்த தேசிய ஒப்பந்தக் கடிதமும் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டது. இன்று எழுத்தில் கையொப்பமிடும் நிதியுதவி உடன்படிக்கையே செல்லும். ஆதலின் அதில் ஒவ்வொரு வரியையும் படித்துக் கேளுங்கள்: தொகை எத்தனை ஆண்டுகளுக்கு? ஆண்டுதோறும் புதுப்பிப்பவர் யார்? முழங்கால் முறிந்தால் என்னாகும்? அழைத்த பயிற்சியாளரே வேறிடம் சென்றுவிட்டால்? இவ்வினாக்களைக் கேட்பதால் நற்பெயர் கெடாது. கேட்கத் தயங்குவோரே பின்னர் வருந்துவர்.

மூன்றாவது, படிப்பு. முதற்பிரிவில் ஆடுதற்கு உயர்பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களைக் கற்று, நான்கிற்கு 2.3 என்னும் சராசரியேனும் பெற்றிருத்தல் வேண்டும். அவற்றுள் பத்தினை இறுதியாண்டு தொடங்குமுன் முடித்தாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அலட்சியம் செய்துவிட்டுக் கடைசி ஆண்டில் ஓடிப் பிடிக்க முடியாது. ஆட்டத்துக்கெனப் பணமே தராத கல்லூரிகள் பல, நல்ல மதிப்பெண்ணுக்கும் குடும்பத்தின் தேவைக்கும் தாராளமாக உதவுகின்றன. எனவே வலைக்கோலைவிடப் புத்தகம் மிகுந்த பணம் கொணரும் இல்லங்கள் குறைவல்ல. கோடைப் போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் விமானக் கட்டணத்துக்கும் ஆண்டுதோறும் செலவிடும் தொகையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எதிர்பார்க்கும் உதவித்தொகையை அது விஞ்சினால், நடப்பது முதலீடன்று. பிள்ளையின் மகிழ்ச்சிக்காகச் செய்யும் செலவு என்று அதனை ஒப்புக்கொள்வதே நேர்மை.

பயிற்சியாளருக்குக் கடிதம் எழுத வேண்டியவர் மாணவரே, தந்தையல்லர். சுருக்கமான கடிதம், சில நிமிடங்களில் முடியும் ஆட்டப் படம், மதிப்பெண் பட்டியல், எங்கே எப்போது ஆடுவார் என்னும் விவரம், இவை போதும். ஓரிரு கல்லூரிகளையே நம்பியிராமல் மூன்று பிரிவுகளிலும் தேடுதல் நலம்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகம் 2023, 2024 ஆகிய ஈராண்டுகளிலும் ஆடவர் முதற்பிரிவுப் பட்டத்தையும், பாஸ்டன் கல்லூரி 2021, 2024 ஆண்டுகளில் மகளிர் பட்டத்தையும் வென்றன. இத்தகைய பெயர்கள் கத்தோலிக்கப் பெற்றோரின் உள்ளத்தை ஈர்ப்பது இயல்பே. ஆயினும் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிறுவர் உயர்பள்ளிகளில் இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். முதற்பிரிவு ஆடவர் அணிகளோ நூற்றுக்கும் குறைவு. அழைப்பு வராத பிள்ளை தோற்ற பிள்ளையல்லன். அக்கணக்கை அறியாத வீட்டில், உணவு வேளையில் தொலைபேசியையே நோக்கியிருக்கும் மகன், தன் மதிப்பையே அதன் மணியோசையில் தேடத் தொடங்குகிறான்.

ஆகவே முடிவெடுக்கும் நாளில் பிள்ளையிடம் ஒன்றே கேளுங்கள்: "நாளையே இந்தக் கோலைக் கீழே வைக்க நேர்ந்தாலும், இக்கல்லூரியில் நான்காண்டு மனமுவந்து படிப்பாயா?" பதில் வரும்வரை பொறுத்திருங்கள். ஆம் என்றால், தொகை சிறிதாயினும் கையொப்பமிடலாம். இல்லையென்றால், தொகை பெரிதாயினும் வேறு வாசலைத் தட்டுவதே நன்று.