வாய் திறக்காதவன் கணக்கு

தெம்பனிஸில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். கணினி படிக்கும் அவள் மகன், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பெர்ல் நிரலைச் சோதித்துக் காட்டினான். சோதனைக்கு ஒரு வரி. தேறினால் 'ஓகே', தவறினால் 'நாட் ஓகே'. 1987-இல் லாரி வால் வெளியிட்ட முதல் பெர்லிலேயே இந்த வழக்கம் உண்டு.

'ஓகே 1, ஓகே 2, ஓகே 3' என்று திரையில் விழுந்தது.

"எல்லாம் சரி, மாமா!"

வாத்தியார் புத்தி விடுமா? "தலைப்பில் '1..5' என்றிருக்கிறதே, மற்ற இரண்டும் எங்கேடா?" என்றேன். பையன் முகம் சுண்டிவிட்டது. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னதும் நிரல் சத்தமில்லாமல் வெளியேறியிருக்கிறது!

பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பார்த்திருப்பீர்கள். செக்ரோலில் எத்தனை தலை என்று தெரிந்தால்தானே வாய் திறக்காதவன் வரவில்லை என்பது விளங்கும்? அந்த '1..5'தான் செக்ரோல். கணக்குப் பார்க்கும் கிராணியாரும் உண்டு, பெயர் 'புரூவ்'. எல்லாச் சோதனைக் கோப்புகளின் விடைகளையும் திரட்டி, சொன்ன எண்ணிக்கையோடு வந்ததை ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதும். அதை ஓட்டியதும் 'ஃபெயில்' என்றது. இதை முதலிலேயே ஓட்டியிருக்கலாம்!

அவன் சரிசெய்து முடிக்க இரவு 11 மணி. அக்காள் இரண்டு தடவை குழம்பைச் சூடுபண்ணினாள்.