புதுசா, பழசா? - காணாமப் போற அந்த முப்பது லட்சம்

போன ஞாயித்துக்கிழமை காலையில காபியும் கையுமா உக்காந்திருந்தப்ப கோயமுத்தூர்லேர்ந்து மச்சினன் போன்.

"மாமா, வாட்ஸப்ல ஒரு வண்டி போட்டோ போட்டு உட்டிருக்கேன், பாத்தீங்ளா? 2019 மாடல், டீசல். புதுசுல ஆன் ரோடு அறுபது லட்சமாம். இப்ப பதினாறுக்குத் தர்றேங்கறான். நீங்க அங்கதான இருக்கீங்க, கரோல் பாக் வரைக்கும் போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்களேன்."

எனக்கு ஊர் பக்கத்துலேர்ந்து இந்த மாதிரி போன் வர்றது இது முதல் தடவை இல்லை. டெல்லியில சொகுசு கார் சல்லிசாக் கிடைக்கும்னு தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரியும். ஏன் சல்லிசுன்னுதான் யாரும் கேக்கறதில்லை.

சரி, போய்ப் பார்த்தேன். வண்டி கண்ணாடி மாதிரி மின்னிச்சு. சர்வீஸ் ரெக்கார்டு கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், வண்டியைப் பாருங்க"ன்னார் புரோக்கர். நச்சரிச்சுக் கேட்டப்புறம் ஒரு ஃபைல் வந்துச்சு. 2022-க்கு அப்புறம் ஒரு பில்லும் இல்லை. வேண்டாம்னு மச்சினனுக்குச் சொன்னேன்.

"அப்ப பேசாம புதுசே எடுத்துரலாமா மாமா?"

அதுக்கு நான் அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல என் கதை. 2016-ல ஒரு பிரமோஷன். குர்காவ்ல ஆபீஸ் பார்க்கிங்குல நிக்கற வண்டிகளைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துச்சு. டிவிஎஸ் 50-ல நடுவுல நின்னுகிட்டே ஸ்கூலுக்குப் போன பையன் நான். ஆசைப்பட்டதுல தப்பில்லைன்னு இன்னிக்கும் சொல்வேன். ஜெர்மன் வண்டி, டீசல், புத்தம் புதுசு. ஆன் ரோடு 46 லட்சம். எட்டு வருஷம் ஓட்டிட்டு 2024-ல வித்தேன். கிடைச்சது ஆறரை லட்சம்.

39½ லட்சம் போச்சு. 96 மாசத்தால வகுத்தா மாசம் 41 ஆயிரம் ரூபா. வாங்கின வருஷம் நான் கொடுத்துட்டிருந்த வீட்டு வாடகையே 32 ஆயிரம்தான்! ஓட்டினது மொத்தம் 62 ஆயிரம் கிலோமீட்டர். அப்படின்னா டீசல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ், வட்டி எதையும் சேர்க்காம, வெறும் தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு 63 ரூபா. ஏசி டாக்ஸியிலயே சுத்தியிருக்கலாம்.

இ.எம்.ஐ. கட்டும்போது வலி தெரியும். தேய்மானத்துக்கு மாசாமாசம் எஸ்.எம்.எஸ். வராது. விக்கிற அன்னிக்கு மொத்தமா வந்து நிக்கும்.

இந்தத் தேய்மானம் எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். இன்ஷூரன்ஸ்ல ஐ.டி.வி.ன்னு ஒண்ணு உண்டு. வண்டி திருடு போனாலோ, மொத்தமா நொறுங்கினாலோ கம்பெனி ஒத்துக்கற மதிப்பு. அதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. ஆறு மாசம் வரைக்கும் 5 சதவீதம் கழிவு. ஒரு வருஷத்துக்குள்ள 15. ரெண்டு வருஷம் வரை 20, மூணு வரை 30, நாலு வரை 40, அஞ்சு வரை 50. அதுக்கு மேல போனா நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்ணிக்கணும்.

ஒரு சாதாரண இன்னோவா இந்த அட்டவணையை விட நல்ல விலைக்குப் போகும். சொகுசு கார் பெரும்பாலும் அதுக்குக் கீழ போகும். காரணம் பெரிய ரகசியம் இல்லை. அறுபது லட்சம் செலவு பண்ண முடிஞ்சவன் புதுசுதான் வாங்குவான். இருபது லட்சம் வெச்சிருக்கறவனுக்கு ரிப்பேர் பயம். நடுவுல வாங்கறவங்க கம்மி. ஆனா விக்கறவங்க நிறைய. கம்பெனி பேர்ல, தொழில் பேர்ல வாங்கறவங்க வருஷாவருஷம் 15 சதவீதம் தேய்மானம்னு வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கறாங்க. வாரண்டி முடியுற நேரத்துல வித்துட்டு அடுத்த மாடலுக்குப் போயிடறாங்க. சம்பளம் வாங்கி அதுல மிச்சம் பிடிச்சு வாங்கற நமக்கு அந்தக் கழிவு கிடையாது. பக்கத்து வீட்டு பிசினஸ்காரரைப் பார்த்து நாம சூடு போட்டுக்கக் கூடாதுங்கறதுக்கு இது ஒண்ணே போதும்.

இன்னொண்ணு. நகைக்கடையில செய்கூலி, சேதாரம்னு போடறாங்களே, காருக்கும் அது உண்டு. பேரு ரோடு டாக்ஸ். 50 லட்சம் ஷோரூம் விலைன்னா ஹரியானாவுல 10 சதவீதம், 5 லட்சம். அதே வண்டியைத் தமிழ்நாட்டுல வாங்கினா, 2023 நவம்பர்ல வந்த விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 சதவீதம், அதாவது 10 லட்சம்! இந்தக் காசுக்கு வண்டியில ஒரு போல்ட் கூட கூடுதலா வராது. விக்கும்போது பாதிக்கு மேல மறந்துட வேண்டியதுதான்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான், உங்க வண்டிக்கு நீங்க மாத்திப் போட்டுக்கோங்க.

புதுசு: ஷோரூம் விலை 50 லட்சம், குர்காவ்ல ஆன் ரோடு 57. நாலு வருஷம் கழிச்சு 27-க்கு விக்கறீங்க. போனது 30 லட்சம். வருஷத்துக்கு ஏழரை.

பழசு: அதே வண்டியை நாலு வருஷம் ஆனப்புறம் 27-க்கு வாங்கறீங்க. நீங்க நாலு வருஷம் ஓட்டிட்டு 14-க்கு விக்கறீங்க. போனது 13 லட்சம். வருஷத்துக்கு மூணேகால். வாரண்டி இல்லாததால பராமரிப்புக்கு வருஷம் ஒன்றரை லட்சம் கூடுதலா ஆகும்னு வெச்சாலும் நாலே முக்கால்.

வருஷம் ரெண்டே முக்கால் லட்சம் மிச்சம். நாலு வருஷத்துல 11 லட்சம். ஒரே வண்டி, ஒரே சீட்டு, ஒரே லோகோ. அதனால பழசு ஜெயிச்சுருச்சுன்னு கைதட்டிடாதீங்க. இதுல மூணு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை, வண்டி விலைதான் தேயும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை தேயாது. பதினாறு லட்சத்துக்கு வாங்கினாலும் அது அறுபது லட்சத்து வண்டிதான். ஹெட்லைட் ஒண்ணு போனா லட்சத்துல பேசுவான். ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் பத்தி கேக்கவே வேண்டாம். ரன்-ஃப்ளாட் டயர் நாலும் மாத்தற அன்னிக்கு வீட்டுல மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டாங்க. இன்ஷூரன்ஸ் இருக்கேன்னா, சாதாரண பாலிசியில ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவான். ஜீரோ டெப் எடுத்தா அந்தக் கழிவு இல்லை. ஆனா வண்டிக்கு வயசாக ஆக அது கிடைக்கறது கஷ்டம். யானையை மலிவு விலைக்கு வாங்கிட்டோம்னு சந்தோஷப்படலாம், தீனி மலிவாக் கிடைக்காது.

ரெண்டாவது, வட்டி. புதுசுக்கு 40 லட்சம் கடன், 9 சதவீதம், அஞ்சு வருஷம்னா மொத்த வட்டி கிட்டத்தட்ட 9.8 லட்சம். பழசுக்குப் பாதிதான், 20 லட்சம் கடன். ஆனா பழைய வண்டிக் கடனுக்கு வட்டி எப்பவும் கூட. 13 சதவீதம்னு வெச்சா மொத்த வட்டி 7.3 லட்சம். கடன் பாதியாச்சு, வட்டி பாதியாகலை பாருங்க. கையில இருக்கற காசுக்கு வாங்கினாத்தான் பழசுல லாபம் முழுசா நிக்கும்.

மூணாவது, சட்டம். இது எங்க ஊர் ஸ்பெஷல். டெல்லி சுத்துவட்டாரத்துல 10 வருஷம் தாண்டின டீசலும், 15 வருஷம் தாண்டின பெட்ரோலும் ஓடக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிச்சு. 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. 2025 ஜூலை ஒண்ணாம் தேதி டெல்லியில இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெட்ரோல், டீசலே போடக் கூடாதுன்னு ஆரம்பிச்சு, சில நாள்லயே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் வயசை மட்டும் வெச்சு நடவடிக்கை எடுக்காதீங்கன்னுச்சு. டிசம்பர்ல, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4, அதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான்னு திருத்திச்சு. ஒரு வருஷத்துல இத்தனை திருப்பம். நல்லா ஓடற, ஒரு கீறல் இல்லாத வண்டியோட விலை ஒரு உத்தரவுல பாதாளத்துக்குப் போயிடும். என் வண்டி ஆறரை லட்சத்துக்குப் போனதுக்கும் இதுதான் பாதிக் காரணம். வாங்க வந்தவர் வண்டியைச் சுத்திக் கூடப் பார்க்கலை. ஆர்.சி. புத்தகத்துல தேதியைப் பார்த்துட்டு, "ரெண்டு வருஷம்தான் பாக்கி"ன்னார்.

சட்டம்னு சொன்னதும் ஜி.எஸ்.டி.யும் ஞாபகம் வருது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் எல்லாம் சேர்த்து 48, 50 சதவீதம்னு இருந்த வரி 40-ஆச்சு. புது வண்டி விலை லட்சக்கணக்குல இறங்கிச்சு. நல்ல விஷயம்தான். ஆனா ஆகஸ்ட்ல வாங்கினவரோட வண்டி? ஷெட்டுல சும்மா நின்னபடியே மதிப்பு குறைஞ்சு போச்சு.

இதெல்லாம் போக, நம்மளை மாதிரி ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவங்களுக்குன்னு ஒரு தனித் தேய்மானம் இருக்கு. இன்னிக்கு குர்காவ், நாளைக்கு புனே, அப்புறம் பெங்களூரு, கடைசியில ஊர். ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்கே பதிவு பண்ணியாகணும். பழைய ஆர்.டி.ஓ.வுல என்.ஓ.சி., கடன் இருந்தா பேங்க்ல ஒரு சம்மதக் கடிதம், புது மாநிலத்துல மறுபடி ரோடு டாக்ஸ். அந்த டாக்ஸை நீங்க வாங்கின பதினாறு லட்சத்துக்குப் போட மாட்டாங்க. வண்டியோட அசல் விலைக்கு, வயசுக்குத் தகுந்த மாதிரி சதவீதத்தைக் குறைச்சுப் போடுவாங்க. 50 லட்சத்து வண்டிக்கு ஒரு பேச்சுக்குப் பத்து சதவீதம்னாலே 5 லட்சம். பழைய மாநிலத்துல கட்டினதுல மிச்சத்தைத் திருப்பிக் கேக்கலாம். நான் மூணு தடவை நடந்துட்டு விட்டுட்டேன். உங்களுக்குப் பொறுமை இருந்தா முயற்சி பண்ணுங்க. :-)

2021-ல வந்த பி.எச். சீரிஸ் இதுக்கு நல்ல வழி. அரசு வேலையில இருக்கறவங்களுக்கும், நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் இருக்கற கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கும் கிடைக்கும். ரெண்டு ரெண்டு வருஷமா டாக்ஸ் கட்டினாப் போதும், ஊர் மாறினா நம்பர் மாத்த வேண்டாம். புது வண்டிக்குப் பதியும்போதே கேட்டு வாங்கிட்டா நல்லது.

சரி, என்னதான்யா சொல்ல வர்றேன்னு கேக்கறீங்களா? என் அபிப்பிராயம் இதுதான்.

சம்பளக்காரன் கடன் வாங்கிப் புது சொகுசு கார் வாங்கறது வேண்டாம். முதல் மூணு வருஷத் தேய்மானத்தை அதை வரியில கழிச்சுக்கத் தெரிஞ்சவங்க தாங்கிக்கட்டும். ஏழெட்டு வயசான வண்டியை மலிவா இருக்கேன்னு வாங்கறதும் வேண்டாம். அது அடுத்தவன் தப்பிச்ச செலவு. ஆசை விடலைன்னா மூணு வயசு வண்டி. பெட்ரோல். முழு சர்வீஸ் ரெக்கார்டு, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரம், நீட்டிச்ச வாரண்டி இருக்கணும். வெளி மெக்கானிக்கை வெச்சு ஒரு நாள் பூரா பார்க்கணும். வெள்ளத்துல மூழ்கின வண்டியான்னு கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கணும். 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். வாங்கற விலையில அஞ்சுல ஒரு பங்கைப் பேங்க்ல ரிப்பேருக்குன்னு தனியா வெச்சுக்கணும். அது முடியலைன்னா அந்த வண்டி நம்ம வண்டி இல்லை.

இவ்வளவு கறாரா ஏன் சொல்றேன்னா, 2018-ல எங்க வீட்டுக்குப் பக்கத்து மனை விலைக்கு வந்துச்சு. அஞ்சு சென்ட். அப்பா போன் பண்ணி, "உன்னால ஒரு பதினஞ்சு பொரட்ட முடியுமா?"ன்னார். மாசம் எழுபதாயிரம் கார் இ.எம்.ஐ. போய்க்கிட்டிருந்த நேரம். முடியலைப்பான்னேன். அவர் அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. இப்ப அங்கே வேற யாரோ மூணு மாடி கட்டிட்டாங்க. லீவுக்குப் போறப்பல்லாம் அந்த மாடி நிழல்லதான் நாங்க உக்காந்து பேசறோம். அந்த வண்டியில அப்பா ஏறினது மொத்தமே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறினார்.

மச்சினன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ரோசனை பண்ணிச் சொல்றேனுங் மாமா"ன்னான். நேத்து ராத்திரி மறுபடி வாட்ஸப். திறந்து பார்த்தேன். 2023 மாடல், பெட்ரோல். கூடவே சர்வீஸ் ரெக்கார்டு பதினோரு பக்கம்.

தேறிட்டான்.

டிஸ்கி: கம்பெனி கார் லீஸ் திட்டம் இருக்கறவங்களுக்குக் கணக்கே வேற. உங்க எச்.ஆர்.கிட்டயும் ஆடிட்டர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.