சுற்றி நடக்கப் பனிமலை வேண்டாம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் நெடுந்தூர நடைபாதை ஒன்று அமைக்கலாம் என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சமாச்சாரம்" என்ற பதில் உடனே வருகிறது. அதற்கு மூன்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. மூன்றும் நிற்காதவை.

முதலாவது, அது மலையேறும் வீரர்களுக்கானது என்பது. ஆல்ப்ஸின் புகழ்பெற்ற சுற்றுப்பாதை மோன் பிளாங் மலையைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர் போகிறது. மலையின் உயரம் 4,800 மீட்டருக்கு மேல்; பாதையோ 2,700 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஜெனிவா அறிஞர் சோசூர் 1767இல் அந்த மலையைச் சுற்றி வந்தார். அதன் உச்சியில் மனிதர் கால் பட்டது 1786இல்தான். உச்சிக்கு வழி தெரியாத காலத்திலேயே சுற்றி வர வழி இருந்திருக்கிறது.

இரண்டாவது, நமக்கு அந்த மரபு இல்லை என்பது. திருவண்ணாமலையில் அஷ்ட லிங்கங்களை வணங்கியபடி 14 கிலோமீட்டர் நடப்பவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? கயிலாயத்தைச் சுற்றும் 52 கிலோமீட்டர் பாதை 5,600 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கிறது. இந்துக்களோடு பௌத்தர்களும் சமணர்களும் அதை வலம் வருகிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து பழனிக்கு நடக்கிறார்கள். ஊர் திரும்புவதும் நடந்தேதான்.

மூன்றாவது, இந்த வெயிலில், ஷிப்ட் முடித்த களைப்பில் யார் நடப்பார்கள் என்பது.

வெயிலுக்குக் கிரிவலம் என்றோ விடை கண்டுவிட்டது: பௌர்ணமி இரவு. அன்று திருவண்ணாமலைக்குச் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. உழைத்துக் களைத்தவர்களும்தான் அவற்றில் ஏறுகிறார்கள். அசெம்பிளி லைனில் ஒரே இடத்தில் நின்று வேலை பார்ப்பவருக்கு, வாரவிடுப்பில் காலாற நடக்க ஓர் இடம் தேவையில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டெய்னர் லாரிகள் விரையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் நடப்பது ஆபத்து. சாலையை விட்டு விலகிய பாதை வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது. அதற்கான இடமும் இருக்கிறது. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் என்று இது ஏரிகளின் நாடு. மோன் பிளாங் பாதையும் பெரும்பாலும் மேய்ச்சல்காரர்களும் கிராமத்தாரும் ஏற்கெனவே போட்டு வைத்த தடங்களை இணைத்து உருவானதுதான். இங்கே அந்தத் தடங்கள் ஏரிக்கரைகள்.

பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. தொழிற்பூங்காக்கள் சிப்காட்டின் பொறுப்பு. இந்த மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து, ஏரிக்கரைகள் வழியே வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தொட்டுத் திரும்பும் முதல் சுற்றை வரைய வேண்டும். குடிநீர், கழிப்பறை, வழிகாட்டிக் கற்கள் ஆகியவற்றுக்கும் அந்த வரைபடத்திலேயே இடம் குறிக்க வேண்டும்.