கரை கட்டுவோர் ஆற்றையும் கற்க வேண்டும்

கோசி ஆற்றின் கரையணைகள், நொடிக்கு 9.5 இலட்சம் கன அடி வெள்ளத்தைத் தாங்குமாறு வகுக்கப்பட்டவை. ஆயினும், 2008 ஆகஸ்டு 18-இல் நேபாளத்துக் குசகாவில் கிழக்குக் கரை உடைந்தபோது, ஆற்றில் ஓடிய நீர் ஏறத்தாழ 1.5 இலட்சம் கன அடியே. பீகாரில் பல இலட்சம் மக்கள் துயருற்றனர். பராமரிப்புக் குறைவோடு, கரைகளுக்கிடையே படிந்து படுகையை உயர்த்திய இமய வண்டலும் இதற்குக் காரணமாகும்.

கரையின் வலிமையைக் கணக்கிடச் சிவில் பொறியியல் கற்பிக்கின்றது. மலைச்சரிவின் மண்ணரிப்பையும் ஆற்றின் இயல்பையும் சுற்றுச்சூழலியல் விளக்குகின்றது. ஆகவே, முன்னதில் இளநிலைப் பட்டம் பெற்றோர் பின்னதை முதுநிலையில் பயிலுதல் துறை மாற்றமன்று; கற்ற கல்வியின் நிறைவேயாகும். ஆசிரியர்கள் தக்க மாணவரை இவ்வழியில் ஊக்குதல் வேண்டும். களப்பணியாளரும் நீர்மட்டத்தோடு வண்டலின் அளவையும் தவறாது குறித்து வருவாராக.